பட்டன் இருக்குல்ல!

திண்டுக்கல் பக்கம் பழைய கார் விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பேனட்டைத் திறக்கும் முன்பே முன் டயரை ஓர் உதை விடுவார்கள். பிறகு குனிந்து, டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகளில் விரலை ஓட்டிவிட்டு, "பட்டன் இருக்கு" என்று நிமிர்வார்கள். டயர் விசாரணை அத்தோடு முடிந்தது. பட்டன் இருந்தால் டயர் இருக்கிறது, பட்டன் போனால் டயர் போனது. அதற்கு மேல் யாருக்கும் கேள்வி கிடையாது.

லாரிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு சரி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளாவுக்கு ஓடுகிற வண்டியின் டயருக்கு வயசாகிச் சாக நேரம் ஏது? தேய்ந்துதான் போகும். ஆனால் பழனிக்கு ஒரு தரம், மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம், கல்யாணம் காதுகுத்துக்கு நாலு தரம் என்று எடுத்துவிட்டு, மீதி நாளெல்லாம் தெருவோரம் வெயிலில் நிறுத்திவைக்கிற குடும்பக் காருக்கு அது ஒத்து வராது. இதை எனக்குப் புரியவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் டாக்ஸி ஓட்டிய என் பெரியப்பா. இன்னொருவர் பழனி ரோட்டில் டயர் கடை வைத்திருந்த பாய்.

பெரியப்பாவிடம் இருந்தது அம்பாசிடர். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை கலெக்டர் ஆபீஸ் காரியம் என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். அந்தச் சவாரியும், சித்திரை வைகாசியில் கொடைக்கானல் சவாரியும்தான் அவருக்குச் சோறு போட்டன. பள்ளிக்கூட லீவில், வண்டியில் இடமிருந்தால், முன் சீட்டில் என்னை நடுவில் இடுக்கி உட்காரவைத்துக் கூட்டிப்போவார். கியர் ராடு ஸ்டியரிங்கோடு இருந்ததால் நடுவில் ஒரு பையனுக்கு இடம் கிடைத்தது.

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்துவார். சவாரிக்காரர்கள் இறங்கி டீக்கடைக்குப் போவார்கள். இவர் போக மாட்டார். வண்டியைச் சுற்றி வந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி, நாலு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். நாலும் ஒரே சூடு என்றால் சரி. ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால், அதில் காத்து குறைந்திருக்கிறது அல்லது அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. காட்ரோடு தாண்டி மலை ஏறுவதற்குள் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும். ஏறிய பிறகு, வளைவில் தடுப்புச் சுவர் ஓரமாக ஜாக்கி போடுவது யாருக்கும் பிடித்த வேலை இல்லை.

ஒருமுறை செம்பட்டியில் ஒரு பஞ்சர் கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து சாஸ்தியா இருக்குண்ணே, இறக்கிவிடட்டா?" என்றார். பெரியப்பா விடவில்லை. "ஓடி வந்த டயரு, சுடுது. சுடுற டயருல காத்து ஏறித்தான் காட்டும். இப்ப இறக்குனா நாளைக்குக் காலைல ஆறுனப்புறம் தொய்ஞ்சு நிக்கும்" என்றார். வெகுகாலம் கழித்து ஒரு டயர் கம்பெனியின் கையேட்டில் இதையே படித்தேன்: காற்றை ஆறிய டயரில்தான் பார்க்க வேண்டும், சூடான டயரிலிருந்து இறக்கக் கூடாது. வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் ஏறினால் காற்றழுத்தம் ஒரு பவுண்டு ஏறும். வெயிலில் 50 கிலோமீட்டர் ஓடி வந்த வண்டிக்கு நாலைந்து பவுண்டு கூடுதலாகக் காட்டுவதில் ஆச்சரியமே இல்லை.

அந்தப் பஞ்சர் கடையில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கொடைக்கானலைவிடப் பிடிக்கும். டியூப்பை உருவி, காத்தடித்து, தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி, குமிழி வருகிற இடத்தில் ஈர்க்குச்சியால் குத்தி அடையாளம் வைப்பார். அந்த இடத்தை அரத்தால் சுரண்டி, பச்சை ரப்பர்த் துண்டு ஒன்றை ஒட்டி, மேலே ஒரு காகிதம் வைப்பார். அதன் மேல் பழைய இன்ஜின் பிஸ்டன் ஒன்றை வைத்து, திருகு பிரஸ்ஸில் இறுக்குவார். பிஸ்டனின் குழியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றித் தீக்குச்சியைப் போட்டால் குப்பென்று பிடிக்கும். நீலமும் மஞ்சளுமாக எரிந்து அடங்கி, பிஸ்டன் ஆறியதும் பிரஸ்ஸைத் தளர்த்துவார். ஒட்டுத் துண்டு டியூப்போடு வெந்து ஒன்றாகியிருக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் அமெரிக்காவில் கந்தகத்தையும் ரப்பரையும் சேர்த்துச் சூடாக்கிக் கண்டுபிடித்ததைத்தான் செம்பட்டி ரோட்டோரத்தில் ஒரு லாரி பிஸ்டனை வைத்துச் செய்துகொண்டிருந்தார். தீயை எத்தனை நேரம் எரியவிட வேண்டும் என்பதற்கு அவரிடம் கடிகாரம் கிடையாது. வாசனையை வைத்துச் சொல்வார்.

அப்போது பஞ்சருக்கு முக்கியக் காரணம் மாட்டு லாடத்தின் ஆணி. ரோடெல்லாம் மாட்டு வண்டி, ரோடெல்லாம் கழன்று விழுந்த ஆணி. மதுரையில் பஸ் கம்பெனி நடத்திய டி.வி. சுந்தரம் ஐயங்கார், ரோட்டில் கிடக்கும் ஆணிகளை இழுத்துக்கொள்ள ஒரு வண்டியில் காந்தத்தைக் கட்டி ஓடவிட்டார் என்று எங்கள் பக்கத்துப் பழைய டிரைவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். டயரின் விலை அப்படி. பெரியப்பாவும் தேய்ந்த டயரை எறிய மாட்டார். மேலே புது ரப்பர் ஒட்டி, அதாவது ரீபட்டன் போட்டு, இன்னொரு சுற்று ஓட்டுவார். ஆனால் அதில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ரீபட்டன் டயர் பின்னால்தான் ஓடும். முன்னால் கம்பெனி டயர்தான். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடும் என்பது அவர் கட்சி.

பிறகு காலம் மாறியது. டியூப் போய் டியூப்லெஸ் வந்தது. கன்வாஸ் டயர் போய் ரேடியல் வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் ரோடு. 7 என்று நாங்கள் சொல்லிப் பழகிய நெடுஞ்சாலை 44 ஆயிற்று. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரூர் ரோடும் மதுரை ரோடும் நான்கு வழியாயின. திருச்சி ரோடும் பின்னாலேயே வந்தது. பெரியப்பா காலத்தில் அறுபதில் போனாலே வேகம். இப்போது எண்பதில் போகிறவரைப் பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்.

அந்த வேகத்தில் டயர் என்ன பாடுபடுகிறது என்பதை ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். பழைய ஆல்ட்டோ போன்ற சின்னக் காரின் 12 அங்குல டயர் ஒரு சுற்றுக்கு ஒண்ணே முக்கால் மீட்டரைவிடக் கொஞ்சம் குறைவாக நகரும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 16 சுற்றுக்கு மேல், நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,000 சுற்று. திண்டுக்கல்லிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் 35,000 தரத்துக்கு மேல் சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடுகிற இடத்தில் டயரின் பக்கச் சுவரான சைடுவால் ஒரு தரம் மடங்கி நிமிரும். காத்து சரியாக இருந்தால் கொஞ்சமாக மடங்கும். குறைவாக இருந்தால் ஆழமாக மடங்கும். மடங்கி நிமிர்வதில் பிறக்கிற சூடு எளிதில் வெளியே போகாது, ரப்பர் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. மேலே சித்திரை வெயில், கீழே கொதிக்கிற தார், உள்ளே இந்தச் சூடு. ரப்பருக்கும் உள்ளிருக்கும் கம்பி வலைக்கும் இடையிலான பிடிப்பு விட்டுவிட, ஒரு நொடியில் வெடிக்கிறது. பார்க்கிறவர்கள் வெயிலைக் குற்றம் சொல்வார்கள். காத்து கூடிப்போய் வெடித்தது என்பார்கள். ஓடுகிற டயர் வெடிப்பதற்குக் காத்து குறைந்ததுதான் பெரும்பாலும் காரணம் என்பதை ஊரில் நம்பவைப்பது கடினம்.

மகாராஷ்டிராவில் நாக்பூர்–மும்பை சம்ருத்தி நெடுஞ்சாலையின் முதல் பகுதி 2022 டிசம்பரில் திறந்ததும் விபத்துகள் அடுத்தடுத்து நடந்தன. டயர் வெடிப்பும் ஒரு காரணமென்று போக்குவரத்து அதிகாரிகள் நுழைவாயிலிலேயே டயரைப் பார்த்து, தேய்ந்த டயர் வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் கோடைரோடு டோல்கேட்டில் பணம் எடுக்க மட்டும்தான் நிறுத்துகிறார்கள். டயர் பார்க்கும் வேலை நம் தலையில்தான்.

சரி, பாய் கடைக்கு வருகிறேன்.

பழனி ரோட்டில் ஒரு கம்பத்தில் லாரி டயர் ஒன்றைத் தொங்கவிட்டு, அதைச் சுற்றி டியூப்லைட் கட்டியிருப்பார். அதுதான் போர்டு. கடையில் அலைன்மென்ட் மிஷின் கிடையாது. ஒரு கம்ப்ரஸர், ஒரு தொட்டி, கடப்பாரை மாதிரி இரண்டு டயர் லிவர். ஆனால் காத்தடித்துவிட்டுச் சும்மா அனுப்ப மாட்டார். வால்வு நுனியில் விரலால் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திருகுவார். அந்தச் சின்ன மூடி இல்லாமல் வருகிற வண்டிக்கு, தன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுவிடுவார். காசு வாங்க மாட்டார். மண் போனால் வால்வு கசியும், கசிந்தால் பழி தன் மேல் வரும் என்பது அவர் கணக்கு.

சின்னாளபட்டியில் இருக்கும் என் சித்தப்பா ரிட்டையர்டு வாத்தியார். 2011-இல் வாங்கிய கார். 2019-இல் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். எட்டு வருஷத்தில் வண்டி 30,000 கிலோமீட்டர்கூட ஓடியிருக்கவில்லை. கவர் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, டயருக்குக் கறுப்புப் பாலிஷ்கூடப் போட்டு வைத்திருந்தார். போகும் முன் காத்து பார்க்கப் பாய் கடையில் நிறுத்தினோம்.

பாய் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கம்ப்ரஸர் குழாயைக் கீழே வைத்தார்.

"இது எந்த வருசத்து டயரு சார்?"

"வண்டியோட வந்ததுதான் பாய். ஏன், பட்டன் இருக்குல்ல!"

"பட்டன் இருக்கு. டயருதான் இல்ல."

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வாத்தியாரிடம் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். பாய் கண்டுகொள்ளவில்லை. தண்ணீர் தொட்டு சைடுவாலைத் தேய்த்தார். பாலிஷ் போனதும் ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு தெரிந்தது. பட்டனுக்கு நடுவே உள்ள பள்ளத்திலும் அதே வெடிப்பு. வண்டி தினமும் மேற்குச் சுவரோரம் நிற்கிறதென்று கேட்காமலே சொன்னார். சாயங்கால வெயில் படுகிற பக்கத்து டயர் இரண்டிலும் வெடிப்பு மற்றதைவிட அதிகம்.

பிறகு சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களில் விரலை வைத்தார். 1811. "பதினெட்டாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினொண்ணு. இதான் சார் இதோட பொறந்த தேதி." எல்லா டயரிலும் இது உண்டு. முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருஷம். சில டயரில் உள்பக்கம் திரும்பியிருக்கும், குனிந்து தேட வேண்டும்.

சித்தப்பா இன்னும் ஒப்பவில்லை. புது டயர் விற்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தார். பாய் ஒன்றும் பேசாமல் ஜாக்கி போட்டு, முன் பக்கத்து டயர் ஒன்றை ரிம்மிலிருந்து பிரித்து, கவிழ்த்துத் தட்டினார். உள்ளேயிருந்து மிளகுத் தூள் போலக் கறுப்பாகப் பொடி கொட்டியது. ரப்பர்ப் பொடி. காத்து குறைவாகப் பல நாள் ஓடியதில் உள்சுவர் மடங்கி மடங்கி, தானே தன்னை அரைத்துத் தின்றிருக்கிறது. வெளியே பார்த்தால் பட்டன் முழுசாக நிற்கிறது. சித்தப்பா கொஞ்சம் பொடியை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகு விலைதான் பேசினார்.

டயருக்கு இத்தனை வருஷம் என்று ஒரே கெடு கிடையாது. ஐந்து வருஷம் ஆனபின் வருஷா வருஷம் நன்றாகச் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள் டயர் கம்பெனிக்காரர்கள். எவ்வளவு பட்டன் இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் கூடாது என்கிறார்கள். கார் கம்பெனிகள் சில ஆறு வருஷம் என்றே எழுதியிருக்கின்றன. ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் கொடைக்கானல் மலை, நடுவில் காய்கிற இந்தச் சமவெளியில் வெயிலில் நிற்கிற வண்டிக்கு ஆறு என்பதே என் தீர்ப்பு. வாங்கும்போதும் அந்த நான்கு எண்ணைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் கடையில் கிடந்த டயரைப் புது டயர் விலைக்குத் தந்தால், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டனைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் உண்டு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். காருக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை அது. ஆனால் அது காய்ந்த தரைக்குத்தான் போதும். நமக்கு மழை ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும். நான்கு வழிச் சாலையில் தேங்கிய தண்ணீரின் மேல் வேகமாகப் போகும்போது, பள்ளம் வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால் டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேரே போகும். ஆகையால் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்ட டயரை அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல், தீபாவளிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

தேய்கிற விதமும் பேசும். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காத்து குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காத்து அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். ஊருக்கு ஊர் பெயின்ட் அடிக்காத வேகத்தடை இருக்கிற நாட்டில் அலைன்மென்ட் போகாமல் என்ன செய்யும்? இப்போதைய கார்களில் பெரும்பாலும் முன் சக்கரம்தான் இழுக்கிறது, அதனால் முன் டயர் சீக்கிரம் தேயும். 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னதாக மாற்றிப் போட்டால் நாலும் ஒன்றாகத் தேயும். எவ்வளவு காத்து என்பதை டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணில் கம்பெனி ஒட்டியிருக்கும். சைடுவாலில் அச்சடித்திருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு, வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல. நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அடித்தால் தப்பில்லை, அடித்துவிட்டோம் என்று மாசக்கணக்கில் பார்க்காமல் விடுவதுதான் தப்பு.

இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியதை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா? பெரியப்பா முன்னால் என்றார். பாயும் முன்னால்தான் போடுவார். டயர் கம்பெனிகள் பின்னால் என்கின்றன. மழையில் முன் சக்கரம் வழுக்கினால் காலை எடுத்து வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். பெரியப்பா பயந்தது டியூப் டயரின் வெடிப்புக்கும் ரீபட்டனின் உரிசலுக்கும். கம்பெனி பயப்படுவது மழைக்கு. டியூப்லெஸ் ரேடியல் காலத்தில் கம்பெனி சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். பெரியப்பா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அன்றைக்குச் சித்தப்பா நாலு டயரும் மாற்றினார். பாய் ஸ்டெப்னியையும் எடுக்கச் சொன்னார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். அதன் எண்ணும் 1811-தான். "ஓடாட்டியும் வயசு ஓடும் சார்" என்றார். சித்தப்பா மனசில்லாமல்தான் சம்மதித்தார்.

கழற்றிய டயர்களை என்ன செய்வது? எங்கள் பக்கம் டயருக்கு மறுபிறவி பல உண்டு. கிணற்று வாளி, செருப்பு, தகரக் கூரை பறக்காமல் இருக்கப் பாரம். மொட்டை மாடியில் சும்மா போட்டுவைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வரும், மாநகராட்சிக்காரர்கள் வந்து எடுக்கச் சொல்வார்கள். இவற்றையெல்லாம்விட மோசமான மறுபிறவி ஒன்று உண்டு. தேய்ந்த டயரைச் சூடான பிளேடால் கீறிப் பள்ளம் எடுத்து, கறுப்புப் பாலிஷ் அடித்து செகண்ட்ஸ் என்று விற்பார்கள். விரலை ஓட்டிப் பார்க்கிறவருக்குப் பட்டன் இருக்கும். பள்ளத்துக்குள் அந்தக் குறுக்கு மேடு மட்டும் இருக்காது, அதையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். ரப்பரை மேலும் சுரண்டிய அந்த டயர், மொட்டை டயரைவிட ஆபத்து.

பாய் சித்தப்பாவின் ஐந்து டயரையும் வரிசையாகச் சாத்தி, செருப்பு தைக்கிறவர்கள் வைத்திருக்கும் கத்தியால் ஒவ்வொன்றின் சைடுவாலிலும் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்தார். அப்படிக் கிழித்த டயர் வாளியாகலாம், செருப்பாகலாம், இன்னொருவர் வண்டியில் ஏற முடியாது. நீங்கள் டயர் மாற்றும்போது பழையதைக் கடையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால், கண் முன்னால் அந்த ஒரு கிழிசலைப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள். கடைக்காரர் யோசித்தால், டயரை டிக்கியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து நீங்களே கிழியுங்கள்.